பரண்மேல் கிடந்த முதலுதவிப் பை

எங்கள் தார்ப்பாய்ப் பட்டறையில் அவளை எல்லோரும் முடிச்சக்கா என்றுதான் கூப்பிடுவோம். லாரி படுதா, கடை வாசலில் இழுத்துக் கட்டும் கூரைத்துணி, மரக்கிடங்கு மழைத்திரை என்று எதைத் தைத்தாலும் கடைசியில் கயிறு கோத்து, கட்டி, இழுத்துப் பார்ப்பது அவள் வேலை. அவள் போட்ட முடிச்சு எந்தக் காற்றுக்கும் அசையாது. அவிழ்க்க வேண்டிய நேரத்தில் ஒரு முனையைச் சுண்டினால் சட்டென்று கையோடு வந்துவிடும். மற்றவர்கள் போட்ட முடிச்சை அவிழ்ப்பதற்குள் நகம் பிய்ந்துவிடும்.

என் மெஷினும் அவள் மெஷினும் அடுத்தடுத்து இருந்தன. அதனால் அவளுக்கு நடந்ததில் பாதியை நான் கண்ணால் பார்த்தேன். மீதியை அவளே சொன்னாள். ஒரே மூச்சில் சொன்னதில்லை. ஊசி மாற்றும்போது கொஞ்சம், டீ குடிக்கும்போது கொஞ்சம்.

அவள் கணவர் செல்போன் கடையில் விற்பனையாளர். பார்க்க லட்சணமாக இருப்பார். பேச்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. விடுமுறை வந்தால் வீட்டில் இருப்புக் கொள்ளாது. ஊர் அணைக்கு அந்தப் பக்கம் இருக்கும் மலைக்காட்டுக்குக் கிளம்பிவிடுவார். கல்யாணமான புதிதில் அக்காவையும் அழைத்துக்கொண்டு போனார்.

முதல் தடவை போனபோது அவர் இடுப்பில் ஒரு பெரிய கத்தி தொங்கியதாம். கத்தியின் முதுகில் ரம்பப் பல், கைப்பிடிக்குள் திசைகாட்டி, அதற்குள்ளேயே தூண்டில் முள்ளும் நூலும். கல்யாண மாப்பிள்ளை வாள் மாதிரி அதைத் தடவிக்கொண்டே நடந்தாராம். விறகைப் பிளக்கலாம் என்று கத்தியை அதன்மேல் வைத்துக் கட்டையால் ஓர் அடி அடித்தார். கைப்பிடி அவர் கையில் நின்றது. அலகு தனியாகப் பறந்து புதரில் விழுந்தது. உள்ளே இருந்த திசைகாட்டி உருண்டு ஓடையில் போய்ச் சேர்ந்தது.

"நான் சிரிச்ச சிரிப்புல அவருக்குக் கோவம் வரும்னு பாத்தேன். அவரும் சேர்ந்து சிரிச்சாரு. அப்பல்லாம் அப்படித்தான் இருந்தாரு" என்பாள் அக்கா.

அடுத்த வாரமே அவள் இரும்புக் கடைக்குப் போய்த் தானே ஒரு கத்தி வாங்கினாள். உள்ளங்கை நீளம், எந்த அலங்காரமும் கிடையாது. அலகின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓடுகிறதா என்று மட்டும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோடாலி வேண்டாம், மடக்கு ரம்பம் போதும் என்றாள். ரம்பம் கை தவறினால் தோல் கீறும். கோடாலி கை தவறினால் எலும்பில்தான் போய் நிற்கும். தூங்குவதற்கு விலை கூடிய போர்வைப் பை எதற்கு, முதலில் கீழே விரிக்க நல்ல பாய் வேண்டும் என்றாள். உடம்புச் சூட்டை மேலே இருக்கும் குளிரை விடக் கீழே இருக்கும் தரைதான் அதிகம் உறிஞ்சும் என்பது ஈரத் தரையில் ஒரு தடவை படுத்து எழுந்ததில் அவளுக்குப் புரிந்திருந்தது. பட்டறையில் மிஞ்சிய மெல்லிய துணியில் ஒரு விரிப்புக் கூரை தைத்தாள். இரண்டு மரத்துக்கு நடுவே கயிறு கட்டி அதைப் போட்டால் எந்த மழைக்கும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது.

அந்த வருடங்களைப் பற்றிப் பேசும்போது மட்டும் அவள் குரல் இளகும். "நீ இருந்தா எனக்குக் காடே வீடு மாதிரி இருக்குடி" என்று அவர் சொல்வாராம். அது பொய் இல்லை என்றுதான் அவள் இன்றும் நினைக்கிறாள். அதை நினைத்துத்தான் அவளுக்கு எரிச்சலே.

பிறகு அவர் வீடியோ போட ஆரம்பித்தார். முதலில் காட்டையும் ஓடையையும் காட்டினார், யாரும் சீந்தவில்லை. ஒரு நாள் கொட்டுகிற மழையில் அக்கா தீ மூட்டினாள். விழுந்து கிடந்த ஒரு கிளையை அறுத்து, பிளந்து, ஈரம் ஏறாத நடுக்கட்டையைச் சீவிச் சீவிச் சுருளாக எடுத்தாள். வாஸ்லின் தடவிய பஞ்சை ஒரு சின்ன டப்பியில் வைத்திருந்தாள். அதில் கொஞ்சம் பிய்த்து வைத்து, தீப்பொறிக் கம்பியைக் கத்தி முதுகில் உரசி ஓர் இழுப்பு இழுத்தாள். பிடித்துக்கொண்டது. அவர் அதைப் படம் எடுத்தார். கைகள் மட்டும்தான் தெரிந்தன. அதற்கு முன்னும் பின்னும் தன் முகத்தைச் சேர்த்து, தானே மூட்டிய மாதிரி பேசினார். அந்த வீடியோ பற்றிக்கொண்டது. பார்த்தவர்கள் அவருக்குக் காட்டண்ணன் என்று பெயர் வைத்தார்கள்.

அதற்குப் பிறகு அதுவே வழக்கமாகிவிட்டது. முகமும் வாயும் அவருடையவை, கைகள் இவளுடையவை. மோதிரத்தைக் கழற்றச் சொன்னார். தன் முழுக்கைச் சட்டையைப் போட்டுக்கொள்ளச் சொன்னார். பட்டறையில் துணி வெட்டும்போது அவள் கட்டைவிரலில் ஒரு வெட்டு விழுந்து தழும்பாகியிருந்தது. பார்ப்பவர்களில் யாரோ, "அண்ணே, அந்தத் தழும்பு எப்படி வந்துச்சு?" என்று கேட்டுவிட்டார்கள். காட்டுப்பன்றியோடு கட்டிப் புரண்டதாக ஒரு கதை சொன்னார். மறுநாள் இன்னொருவர், முகம் தெரியும்போது விரலில் தழும்பையே காணோமே என்று கேட்க, அன்றிலிருந்து முகம் தெரியும்போது அவர் கையுறை மாட்டிக்கொண்டார், அவளைச் சட்டைக் கையைக் கட்டைவிரல்வரை இழுத்துவிடச் சொன்னார்.

பட்டறையில் நாங்கள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்போம். "அக்கா, உங்க கை நல்லாயிருக்கா? பன்னி கடிச்சது ஆறிடுச்சா?" என்று நான் கேட்பேன். அவளும் சிரிப்பாள். "போகட்டும் விடு. அவருக்கு அதுல ஒரு சந்தோஷம்" என்பாள்.

அந்த நேரத்தில்தான் முகாம் சாமான்கள் செய்யும் ஒரு கம்பெனி அவரைத் தேடி வந்தது. பெட்டி பெட்டியாகச் சாமான் இறங்கியது. கூடாரம், போர்வைப் பை, கேஸ் அடுப்பு, பளபளவென்று ஒரு கைக்கோடாலி. இதையெல்லாம் பயன்படுத்திப் பார்த்து நாலு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அக்கா கூடாரத்தைப் பட்டறை முற்றத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். அவள் கட்டினாள், நான் குழாயைப் பிடித்துத் தண்ணீர் அடித்தேன். அவள் உள்ளே குனிந்து தையல் ஓரமாக விரலை ஓட்டிப் பார்த்தாள். விரல் நனைந்து வந்தது.

"பாத்தியா? ஊசி போன ஓட்டை மேல பசைப்பட்டையே ஒட்டல. அழகாத் தெச்சு அப்படியே மடிச்சு அனுப்பிட்டான்."

கோடாலியையும் எடுத்துப் பார்த்தாள். கைப்பிடிக்கு வழவழப்பாக மெருகு பூசியிருந்தார்கள். கையை நனைத்துக்கொண்டு பிடித்தாள். சோப்புக்கட்டி மாதிரி நழுவியது.

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வெயில்ல வெச்சு எடுத்தா எவனுக்குத் தெரியப் போகுது? நீ ஒண்ணு, எல்லாத்துலயும் ஓட்டை பாத்துக்கிட்டு" என்றார். வெயிலில் வைத்துத்தான் எடுத்தார். கூடாரத்தை வாய் வலிக்கப் புகழ்ந்தார்.

கம்பெனிக்கு ஆசை பெருகியது. காட்டண்ணனின் ரசிகர்களைக் கூட்டிக்கொண்டு போய் மலையில் ஒரு முகாம் நடத்தலாம், அதைப் படம் எடுக்கலாம் என்றார்கள். மழைக்காலம் தொடங்கியிருந்தது. அக்கா தானும் வருவதாகத்தான் நினைத்திருந்தாள். லீவுகூடச் சொல்லி வைத்திருந்தாள்.

"நீ வேண்டாம். கம்பெனி ஆளுங்க வர்றாங்க. நீ வந்து அடுப்புகிட்ட உக்காந்துட்டா, அப்புறம் நான் எதுக்குன்னு கேப்பாங்கல்ல?" என்றார் அவர்.

விளையாட்டாகச் சொன்னார் என்றுதான் முதலில் அவளுக்குத் தோன்றியது. அவர் முகத்தைப் பார்த்தபிறகு பையைக் கட்ட உட்கார்ந்தாள். தான் தைத்த விரிப்புக் கூரை, பாலித்தீனில் சுற்றிய காய்ந்த சுள்ளி, பஞ்சு டப்பி, மடக்கு ரம்பம், கம்பளிச் சட்டை. எல்லாவற்றுக்கும் மேலே, திறந்ததும் கைக்கு எட்டும்படி சிவப்பு நிற முதலுதவிப் பை. அதில் காயத்தை அழுத்திப் பிடிக்கச் சுத்தமான அகலத் துணி, இறுக்கிச் சுற்றும் கட்டு, கழுவ மருந்து எல்லாம் இருந்தன. காட்டுக்குப் போன எல்லாத் தடவையும் அது போயிருக்கிறது. ஒரு தடவைகூடப் பெரிதாகத் தேவைப்பட்டதில்லை. பையை வாசலில் சாய்த்து வைத்துவிட்டுக் காலையில் பட்டறைக்கு வந்துவிட்டாள்.

மலையில் என்ன நடந்தது என்பதை முகாமுக்குப் போயிருந்த ஓர் இளைஞர் வாயிலிருந்துதான் அவள் பின்னால் தெரிந்துகொண்டாள். கட்டடம் கட்டும் அலுவலகத்தில், ஏறி இறங்கி அளவெடுத்து வரைபடம் போடுகிறவர் அவர், கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. காட்டண்ணனின் ஒரு வீடியோவையும் விட்டதில்லை.

மத்தியானமே மழை பிடித்துக்கொண்டது. கூடாரங்கள் எல்லாத் தையலிலும் ஒழுகின. வந்தவர்கள் நடுங்கிக்கொண்டே கம்பெனியின் விளம்பரப் பதாகையைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காட்டண்ணன் தீ மூட்டப் போனார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது. ஈரச் சுள்ளியைக் குவித்துவைத்துத் தீப்பொறிக் கம்பியை இழுத்தார், இழுத்தார், இழுத்துக்கொண்டே இருந்தார். பொறி பறந்தது, புகைகூட வரவில்லை. "காத்து சரியில்ல" என்றார். "இந்த மரம் ஒரு மாதிரி மரம்" என்றார். கம்பெனிக்காரர் கேமராவை நிறுத்தச் சொன்னார்.

வரைபடக்காரர்தான் முன்னால் வந்தார். "அண்ணே, கட்டையைப் பொளந்தா உள்ள காஞ்சிருக்கும்ல? நீங்கதானே சொன்னீங்க" என்று கேட்டார். ரம்பம் இல்லை. பளபளத்த கோடாலிதான் இருந்தது. வரைபடக்காரரே அதை எடுத்து ஓங்கினார். நனைந்த கையில் மெருகு வழுக்கியது. வெட்டு கட்டையில் விழாமல் திரும்பி அவர் கணுக்காலுக்கு மேலே இறங்கியது.

முதலுதவிப் பை எங்கே என்று எல்லோரும் கத்தினார்கள். காட்டண்ணன் தன் பையைத் திறந்து உள்ளே கையை விட்டுத் துழாவினாராம். பேட்டரியும் கேமரா மாட்டும் கம்பியும் வந்தன. யாரோ தங்கள் சேறு படிந்த சட்டையைக் கழற்றிக் கட்டினார்கள். வழுக்குப் பாதையில் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். உயிர் தப்பியது. ஆனால் காயத்தில் சீழ் பிடித்து, மேலே ஏறி, கடைசியில் பாதத்தை எடுக்க வேண்டியதாகிவிட்டது.

அந்த வாரமே காட்டண்ணன் ஒரு வீடியோ போட்டார். கண் சிவந்திருந்தது. குரல் உடைந்தது.

"என் மனைவிதான் பை கட்டினாங்க. முதலுதவிப் பையை வைக்க மறந்துட்டாங்க. நான் நம்பிட்டேன். அவங்க மேல எனக்குக் கோவம் இல்ல. மனுஷங்க மறக்கறது சகஜம். தயவுசெஞ்சு அவங்களை யாரும் திட்டாதீங்க."

திட்டாதீர்கள் என்று அவர் சொன்னது, திட்டுவதற்கு விலாசம் கொடுத்த மாதிரி ஆயிற்று. அவளை முன்பின் பார்த்திராதவர்கள் வாய்க்கு வந்தபடி எழுதினார்கள். இப்படிப்பட்டவளை மன்னிக்கிற மனசு யாருக்கு வரும் என்று அவரைத் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். அத்தனை வருடம் வீடியோவில் இல்லாத மனைவி, பழி போடுவதற்கு மட்டும் முதல் தடவையாக உள்ளே வந்தாள்.

அக்கா வீட்டில் தேட ஆரம்பித்தாள். முக்காலி போட்டு ஏறிப் பார்த்தால், பரண்மேல் பழைய மிக்ஸி அட்டைப்பெட்டிக்குப் பின்னால் எல்லாம் கிடந்தன. விரிப்புக் கூரை, சுள்ளி, டப்பி, ரம்பம். சிவப்புப் பையும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"இது எப்படிங்க பரணுக்குப் போச்சு?"

"எனக்கென்ன தெரியும்? நீ வெச்சிருப்ப."

"நான் வாசல்ல, பைக்குள்ள, எல்லாத்துக்கும் மேல வெச்சேன். நீங்க எடுத்திருக்கீங்க."

அவர் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "சரி, எடுத்தேன். கேமராவுக்கு இடம் வேணும்ல? இப்படி ஆகும்னு நான் கனவா கண்டேன்?" என்றார்.

"அப்ப அதைச் சொல்லுங்க. நான்தான் எடுத்தேன்னு சொல்லுங்க."

"சொன்னா என் பொழைப்பே போச்சு. உனக்கு என்ன? உன்னை யாருக்குத் தெரியும்? நாலு நாள் திட்டுவாங்க, மறந்துடுவாங்க."

"நீங்க சொல்லலைன்னா நான் இதை எடுத்துட்டுப் போய் எல்லாருக்கும் காட்டுவேன்."

அவர் சிரித்தார். கோபத்தில் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது என்று அக்கா சொன்னாள்.

"காட்டேன். பை எங்க இருந்துச்சுன்னு கேப்பாங்க. வீட்டுலன்னு சொல்லுவ. நானும் அதைத்தானே சொன்னேன்?"

மறுநாள் அந்தப் பையைப் பட்டறைக்குக் கொண்டுவந்து என் மெஷின்மேல் வைத்தாள். "இது சாட்சிதானே? சொல்லு, இது சாட்சிதானே?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். அவர் சொன்னது சரிதான். அவருடைய குற்றத்துக்கு அவளிடம் இருந்த ஒரே சாட்சி, வெளியே எடுத்தால் அவளுக்கு எதிராகத்தான் பேசும்.

அவள் அண்ணனுக்குப் போன் போட்டாள். "புருஷன் பேரு கெட்டா உனக்கு மட்டும் நல்ல பேரா வந்துடும்? பல்லைக் கடிச்சுக்கிட்டு இரு" என்றார் அண்ணன். அவர் பிள்ளையும் காட்டண்ணனின் ரசிகன்.

ஒரு நாள் வரைபடக்காரரின் அம்மா பட்டறைக்கே வந்துவிட்டார். யார் இங்கே காட்டண்ணன் பொண்டாட்டி என்று கேட்டார். அக்கா எழுந்து நின்றாள்.

"ஒரு துணி... ஒரு கட்டுத் துணி வெச்சு அனுப்ப உனக்குக் கை வரலையா? எம்புள்ள கால் போச்சேடி!"

மெஷின்கள் எல்லாம் நின்றன. அக்கா வாயைத் திறந்தாள். நான் வைத்தேன் அம்மா என்று சொல்லத்தான் திறந்தாள். அந்த அம்மா அதற்குள் தரையில் உட்கார்ந்து அழுதுவிட்டார். அழுகிறவரிடம் என்ன வாதாடுவது? அக்கா போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் அதைத் தட்டிவிட்டார். நான் ஓடிப்போய், "அம்மா, அக்கா மேல தப்பில்ல" என்றேன். "ஆமா, நீங்கல்லாம் ஒரே கூட்டம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முதலாளி அக்காவை வாடிக்கையாளர் கண்ணில் படாத பின்கட்டு மெஷினுக்கு மாற்றினார். கொஞ்ச நாளைக்கு என்றார். அப்புறம் மாற்றவே இல்லை.

அந்த அம்மா இல்லாத நேரம் பார்த்து ஆஸ்பத்திரிக்குப் போனாள் அக்கா. வரைபடக்காரர் ஜன்னலோரக் கட்டிலில் இருந்தார். யாரென்று அவள் சொன்னதும் அவர் பார்வை அவள் கைகளுக்குத்தான் போனதாம். அதன்பிறகே மலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார்.

"அவர் கம்பியைப் பிடிச்ச விதத்துலயே எனக்குச் சந்தேகம் வந்துடுச்சுக்கா. அந்தக் கையை நான் எத்தனை தடவை பாத்திருக்கேன். இது அது இல்லைன்னு தெரிஞ்சுது. நீங்கதானே அது?"

அக்கா தலையை ஆட்டினாள். பை எங்கே கிடந்தது என்பதையும் சொன்னாள்.

"நான் நம்பறேன்க்கா."

"அப்ப நீங்க ஒரு வார்த்தை வெளியில சொல்லுவீங்களா, தம்பி? நீங்க சொன்னா கேப்பாங்க."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கல்யாணம் நின்றுபோயிருந்தது. கட்டடம் ஏறி இறங்கி அளவெடுக்க முடியாதவருக்கு இனி அந்த அலுவலகத்தில் இடமில்லை. கூடாரக் கம்பெனி தன் ஆபீசில் உட்கார்ந்து செய்கிற வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. நடந்ததைப் பற்றி எங்கேயும் வாய் திறக்கக் கூடாது, கூடாரம், கோடாலி, காட்டண்ணன் எதைப் பற்றியும் ஒரு சொல் வரக் கூடாது என்பதுதான் நிபந்தனை.

"கையெழுத்துப் போட்டுட்டேன்க்கா. எங்கம்மாவுக்கு நான் ஒருத்தன்தான்."

அக்கா அவர் போர்வையைச் சரி செய்துவிட்டு எழுந்து வந்தாள். அவர்மேல் கோபப்பட முடியவில்லை என்றாள். கோபப்பட முடிந்திருந்தால் நன்றாகத் தூங்கியிருப்பேன் என்றும் சொன்னாள்.

சில நாளில் அவள் அந்த வீட்டைவிட்டே வந்துவிட்டாள்; வந்தபோது ஒரு துணிப் பையும் தன் கத்தியும் தவிர எதையும் எடுக்கவில்லை. பட்டறைக்குப் பின்தெருவில் ஒற்றை அறையில் குடியேறினாள். காட்டண்ணன் ஆளை அனுப்பவில்லை, கூப்பிடவும் இல்லை. மனைவி குற்ற உணர்ச்சியில் வீட்டைவிட்டே போய்விட்டதாக இன்னொரு வீடியோவில் சொன்னார். அதற்கும் ஆறுதல் குவிந்தது.

இப்போது அவர் காட்டுக்குப் போவதே இல்லை. தேவையும் இல்லை. வீட்டில் மேஜைமுன் உட்கார்ந்து எந்தக் கத்தி வாங்கலாம், எந்தக் கூடாரம் வாங்கலாம் என்று சொல்கிறார். கூட்டம் முன்பைவிட அதிகம். கத்தியின் இரும்பு கைப்பிடியின் கடைசிவரை ஓட வேண்டும் என்கிறார். மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம் என்கிறார். எல்லாம் அக்காவின் வார்த்தைகள், ஒரு எழுத்து மாறவில்லை. முடிவில், உங்கள் பையை நீங்களே கட்டுங்கள், அடுத்தவரை நம்பாதீர்கள் என்று அறிவுரை வேறு.

போன மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு தடவை அவள் தனியாக அணைக்கு அந்தப் பக்கம் போனாள். கயிறு கட்டினாள், புதிதாகத் தைத்த விரிப்பைப் போட்டாள், கட்டையைப் பிளந்து தீ மூட்டினாள். எல்லாம் சரியாகத்தான் வந்தது. ஆனால் கம்பியைப் பிடித்தபோது, சட்டைக் கை விரலை மறைக்கிறதா என்று தானாகவே பார்த்துக்கொண்டாளாம். வெளிச்சம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று திரும்பிப் பார்த்தாளாம். பக்கத்தில் ஆள் இல்லை, கேமரா இல்லை. இருந்தும் அவளால் கொஞ்ச நேரம்கூட அங்கே உட்கார முடியவில்லை. தீயில் தண்ணீரை ஊற்றிவிட்டு, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட்டாள்.

"மத்ததெல்லாம் எடுத்துக்கிட்டாருன்னு தெரியும். காட்டையும் எடுத்துட்டாருன்னு அங்க போனப்பதான் தெரிஞ்சுது" என்றாள்.

எங்கள் பட்டறைக்கு எப்போதாவது கூடாரம் தைக்கக் கொடுக்க ஆட்கள் வருவார்கள். மலைக்குப் போகிறவர்கள். எது வாங்கினால் நல்லது, எதை வாங்கக் கூடாது என்று விசாரிப்பார்கள். எனக்குத் தெரிந்து அந்தக் கேள்விக்கு இந்த ஊரில் அவளைவிட யாரும் நன்றாகப் பதில் சொல்ல முடியாது. நான் பின்கட்டைப் பார்த்துக் குரல் கொடுப்பேன்.

"எனக்குத் தெரியாதுன்னு சொல்லு. நான் லாரி படுதா தெக்கிறவ" என்பாள் அக்கா. மெஷினை நிறுத்தக்கூட மாட்டாள்.